ஊரின் பழைய கட்டடங்கள், புகைப்படக் கண்காட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஊரில் இருக்கும் பழைய கட்டடங்களின் படங்களைத் திரட்டி, அந்த ஊர்க்காரர்கள் பார்ப்பதற்காகவே வைக்கிற சிறு கண்காட்சியைப் பற்றிய பக்கம் இது. நடத்த நினைப்பவர்கள், படம் தர விரும்புபவர்கள், பார்க்க வருபவர்கள் என எல்லோரும் கேட்கிற கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். அழகான படங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று எதிர்பார்த்து வந்தால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். ஒரு கட்டடப் படம் முதலில் ஒரு சாட்சி, அழகு அதற்கு அப்புறம்தான் என்று நம்புகிறவன் நான். பதில்கள் எல்லாம் அந்த நம்பிக்கையிலிருந்து எழுதியவை.

நூறு ஆண்டு ஆகியிருந்தால்தான் பழைய கட்டடமா?

சட்டத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டும். இந்தியாவின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் நினைவுச்சின்னங்களுக்குக் குறைந்தது 100 ஆண்டு என்கிறது. அமெரிக்காவின் வரலாற்று இடங்கள் பதிவேடு பொதுவாக 50 ஆண்டு என்று வைத்திருக்கிறது. ஊர்க் கண்காட்சிக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. தபால் நிலையம், ரயில் நிலையம், பள்ளிக்கூடம், மூடிக்கிடக்கிற தியேட்டர், தண்ணீர்த் தொட்டி, ஆலைப் புகைபோக்கி எல்லாமே வரலாம். ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி 1959 முதல் பல பத்தாண்டுகள் தண்ணீர்க் கோபுரங்களையும் இரும்பு உலைகளையும் நிலக்கரிச் சுரங்கக் கட்டுமானங்களையும்தான் படமெடுத்தார்கள். யாரும் நின்று பார்க்காத கட்டுமானங்கள் அவை. பல இடங்களில் இன்று படம் மட்டுமே மிச்சம்.

இணையத்திலேயே ஏகப்பட்ட படங்கள் கிடைக்கின்றன. கண்காட்சி எதற்கு?

பெரிய அளவில் அச்சிட்ட ஒரு படத்தின் முன் நாலு பேர் சேர்ந்து நின்றால் பேச்சு வரும். "இந்த ஜன்னல் அப்போது இல்லையே" என்று ஒருவர் சொல்வார், "இருந்தது, அடைத்துவிட்டார்கள்" என்று இன்னொருவர் சொல்வார். அந்தப் பேச்சுக்காகத்தான் கண்காட்சி.

காட்டாமல் வைத்த படங்களுக்கு என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1851இல் பிரான்ஸ் அரசின் வரலாற்றுச் சின்னங்கள் ஆணையம், நாட்டின் பழைய கட்டடங்களைப் பதிவுசெய்ய ஐந்து புகைப்படக்காரர்களை அனுப்பியது. லெ க்ரே, லெ செக், பால்டூஸ், பயார், மெஸ்ட்ரால் ஆகிய ஐவரும் அந்தக் காலத்தின் கைதேர்ந்தவர்கள். படங்கள் வந்தன. ஆனால் ஆணையம் அவற்றை வெளியிடவும் இல்லை, மக்களுக்குக் காட்சிக்கு வைக்கவும் இல்லை. நெகட்டிவ்களை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்கள்.

நான் புகைப்படக்காரர் இல்லை. வீட்டு ஆல்பத்தில் இருக்கும் கல்யாணப் படம், குரூப் போட்டோவெல்லாம் தரலாமா?

தாராளமாகத் தரலாம். என்னைக் கேட்டால், கண்காட்சிக்கு வருகிற படங்களிலேயே மதிப்பு மிகுந்தவை அவைதான்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் ஃபிரௌவன்கிர்ஷே என்ற பெரிய தேவாலயம் இருந்தது. 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சுக்குப் பிறகு எரிந்து சரிந்தது. கற்குவியல் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது. 1990களில் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். கல்லைக் கல்லாக அடையாளம் கண்டு வைக்க முடிந்தது. ஆனால் வாசலில் இருந்த ஓக் மரக் கதவுகளின் செதுக்கு வேலைப்பாடு எப்படி இருந்தது என்று தெளிவான பதிவு இல்லை. அப்போது ஒரு யோசனை வந்தது: தேவாலயத்தில் கல்யாணம் முடிந்ததும் மணமக்கள் எங்கே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்? வாசற்கதவுக்கு முன்னால்தான். பழைய படங்கள் இருந்தால் தாருங்கள் என்று மக்களிடம் கேட்டார்கள், கல்யாண ஆல்பங்களே வந்தன. மணமக்களின் தோளுக்குப் பின்னால் தெரிந்த கதவை வைத்துக் கதவு செய்தார்கள். 2005இல் தேவாலயம் மறுபடி திறந்தது.

அந்த மணமக்களில் ஒருவர்கூடக் கட்டடத்தைப் பதிவுசெய்கிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆகவே ஆல்பத்தைப் புரட்டும்போது முகங்களைத் தாண்டிப் பின்னணியைப் பாருங்கள். தூண், படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், தரையின் கோலம், பெயர்ப்பலகையின் பாதி எழுத்து, எது தெரிந்தாலும் போதும்.

ஆல்பத்தில் ஒட்டியிருக்கிற படத்தை எப்படிப் பிரித்துத் தருவது?

பிரிக்காதீர்கள். ஆல்பத்தோடு கொண்டுவாருங்கள், பக்கத்தையே ஸ்கேன் செய்யலாம், அல்லது மேலிருந்து நேராகப் படமெடுக்கலாம். ஒட்டின படத்தை உரித்தால் பின்பக்கம் எழுதியிருப்பதும் போகும், சில சமயம் படமே இரண்டாகக் கிழியும். பிரிண்டை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்வது நல்லது. நெகட்டிவ் சிறியது என்பதால் அதற்கு 2400க்கு மேல் வேண்டும். கோப்பை டிஃப் (TIFF) வடிவில் சேமியுங்கள். ஜேபெக் (JPEG) கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விவரம் தேயும். படத்தின் பின்பக்கம் எழுத வேண்டுமென்றால் மென்மையான பென்சில் மட்டும். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் தடம் முன்பக்கம் வரை தெரியும்.

படத்தில் தேதி எதுவும் இல்லை. எந்தக் காலத்துப் படம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படத்தையும் பார்க்க வேண்டும், படம் அச்சான காகிதத்தையும் பார்க்க வேண்டும். மெல்லிய தாளில் பழுப்பேறி, கெட்டி அட்டையில் ஒட்டப்பட்டிருந்தால் அது முட்டை வெண்கரு பூசிய ஆல்புமின் பிரிண்டாக இருக்கலாம். பெரும்பாலும் 1850களிலிருந்து 1890கள் வரை புழங்கியது. அதற்குப் பிறகு சில்வர் ஜெலட்டின் தாள் வந்தது. இருண்ட பகுதிகளில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளி பூத்தது போன்ற மினுமினுப்பு தெரிந்தால் அதுதான்.

படத்துக்குள்ளே துப்பறிவது இன்னும் சுவாரசியம். மின்கம்பம் இருக்கிறதா, விளக்கு எப்படிப்பட்டது, வண்டி என்ன மாடல், சுவரொட்டியில் என்ன விளம்பரம், ஆட்கள் என்ன உடை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இந்தக் கட்டடத்துக்குப் பக்கத்தில் வேறொன்று எப்போது வந்தது என்று தெரிந்தால், அது படத்தில் இல்லாததே ஒரு தேதி. ஒரே ஆண்டைச் சொல்ல முடியாவிட்டால் "1930க்கும் 1950க்கும் இடையில்" என்று எழுதுவது நேர்மையானது.

இன்னொன்று: படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நெகட்டிவையும் ஸ்லைடையும் மாற்றிப் போட்டு அச்சிட்டுவிடுவது எங்கும் நடப்பது. பெயர்ப்பலகை, கடிகார முகம், சட்டைப் பொத்தான் இருக்கும் பக்கம், இவை காட்டிக்கொடுத்துவிடும்.

மிகப் பழைய படங்களில் தெருக்கள் ஏன் ஆளில்லாமல் வெறிச்சோடி இருக்கின்றன?

ஆட்கள் இருந்தார்கள், படம்தான் அவர்களைப் பிடிக்கவில்லை. ஆரம்பகாலப் படங்களுக்குப் பல நிமிடங்கள் ஒளிபட வேண்டியிருந்தது. நடந்து போனவரும் வண்டியும் பதியவே இல்லை. புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான தாகேர் 1838இல் பாரிஸின் புல்வார் தூ தாம்ப்ளை எடுத்த படம் இதற்குப் பேர்போனது. பரபரப்பான தெரு அது. படத்தில் தெரிவது, தன் காலணிக்குப் பாலிஷ் போடச் சொல்லி நின்ற இடத்திலேயே நின்றிருந்த ஒருவர். பாலிஷ் போடுகிறவரின் உருவம் மங்கலாகத் தெரிகிறது. கண்காட்சியில் இப்படிப்பட்ட படம் இருந்தால் இதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் "அந்தக் காலத்தில் ஊர் எவ்வளவு அமைதி" என்று தப்பாக நினைத்துக்கொண்டு போவார்கள்.

நான் எடுத்தால் கட்டடம் பின்பக்கம் சாய்கிற மாதிரி வருகிறதே?

கேமராவை அண்ணாந்து பிடிப்பதால் வருகிறது. கேமரா தரைக்கு நேர்குத்தாக இருந்தால் சுவர்க்கோடுகள் நேராக நிற்கும். எவ்வளவு பின்னால் போக முடியுமோ போங்கள், எதிர்க் கட்டடத்தின் முதல் மாடியிலிருந்து எடுக்க அனுமதி கிடைத்தால் இன்னும் நல்லது. படத்தின் கீழ்ப்பாதியில் வெறும் தரை வந்தாலும் பரவாயில்லை, பிறகு வெட்டிக்கொள்ளலாம். கட்டடப் படத்துக்கென்றே டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் இருக்கிறது, விலை அதிகம். கணினியிலும் நிமிர்த்தலாம். ரொம்ப நிமிர்த்தினால் கட்டடம் உள்ளதைவிட உயரமாகத் தெரிய ஆரம்பிக்கும், அங்கே நிறுத்துங்கள்.

எந்த நேரத்தில் எடுப்பது நல்லது?

கிழக்கு முகப்பென்றால் காலை, மேற்கு முகப்பென்றால் மாலை. செதுக்கு வேலை, சுண்ணாம்புப் பூச்சின் நெளிவு, தேய்ந்துபோன எழுத்து இதெல்லாம் தெரிய வேண்டுமென்றால் வெயில் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் விழுகிற நேரம் பாருங்கள். உச்சி வெயிலில் தூண்களுக்குப் பின்னால் இருப்பது இருட்டில் மூழ்கிவிடும். மேகமூட்டமான நாள் உட்புறத்துக்கும் தாழ்வாரத்துக்கும் தோதானது.

முழுக் கட்டடமும் வருகிற மாதிரி ஒரு படம் போதாதா?

போதாது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தவர், விமானத்தை மட்டும் எடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் அதோடு நிற்காமல் அடித்தளத்தைச் சுற்றி ஓடுகிற கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளப் படமாக ஆக்கினார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ் காலத்தில் செய்த வேலை அது. எழுத்துகளை உட்கார்ந்து படிக்கலாம்.

ஆக, முகப்பு முழுதாக ஒன்று, மூலையிலிருந்து இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி ஒன்று, தெருவோடு சேர்த்து ஒன்று. அப்புறம் கதவு, கீல், ஜன்னல் கம்பி, படி, கூரையின் உள்பக்கம், ஆண்டு பொறித்த கல். சின்னச் சின்ன விவரங்கள்தான் பழுது பார்க்கிறேன் என்கிற சாக்கில் முதலில் காணாமல் போகின்றன.

குறுக்கே வரும் மின்கம்பி, விளம்பரப் பலகை, நிற்கிற ஸ்கூட்டரையெல்லாம் அழித்துவிடலாமா? வானம் வெளுத்திருக்கிறது, மாற்றிவிடலாமா?

வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முப்பது வருஷம் கழித்து அந்தப் படத்துக்குத் தேதி சொல்லப்போவது அந்த ஸ்கூட்டரும் பலகையும்தான். வெளிச்சம், நிறத்தைச் சரிசெய்வது, லென்ஸின் வளைவை நீக்குவது, சாய்வை நிமிர்த்துவது வரை சரி. இருந்ததை எடுப்பதும் இல்லாததைச் சேர்ப்பதும் கூடாது.

வானத்தை மாற்றுவது புதுப் பழக்கம் இல்லை. அந்தக் காலத்து நெகட்டிவ்கள் நீலத்தை அதிகமாக வாங்கிக்கொண்டதால் வானம் வெறும் வெள்ளையாகப் போனது. மேலே சொன்ன ட்ரைப்பே நெகட்டிவில் மேகங்களை வண்ணத்தால் தீட்டியிருக்கிறார். அதனால்தான் அவர் படங்களை ஆராய்கிறவர்கள் எது கேமரா பிடித்தது, எது தூரிகை வரைந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் படத்தைப் பார்க்கப்போகிறவருக்கு அந்த வேலை வைக்காதீர்கள்.

பழைய கருப்பு வெள்ளைப் படத்துக்கு ஏஐ வைத்து வண்ணம் கொடுத்தால் மக்கள் ரசிப்பார்களே?

ரசிப்பார்கள். ஆனால் அந்த வண்ணம் ஊகம். மஞ்சள் சுண்ணாம்புச் சுவரைச் சாம்பலாக்கும், பச்சைக் கதவைப் பழுப்பாக்கும். பார்த்தவர் அதையே நிஜமாக நினைவில் வைத்துக்கொள்வார். படத்தைக் கூர்மையாக்குகிற ஏஐ கருவிகள் இன்னும் மோசம், தேய்ந்த எழுத்தைப் புது எழுத்தாகக் கற்பனை செய்துவிடும். கண்காட்சியில் அசலை அசலாகவே வையுங்கள்.

"அன்றும் இன்றும்" என்று ஜோடியாக வைக்க, பழைய படம் எடுத்த அதே இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய படத்தின் பிரதி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். படத்தில் அருகில் இருக்கும் ஒரு பொருளையும், தூரத்தில் அதற்குப் பின்னால் ஒட்டித் தெரிகிற இன்னொரு பொருளையும் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, வாசல் தூணின் விளிம்பில் பின்னால் இருக்கும் கோபுரத்தின் நுனி தொட்டுக்கொண்டு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இடமோ வலமோ நகர்ந்தால் அந்தத் தொடுதல் விலகும். அது பொருந்துகிற வரை நகருங்கள். இப்போது நீங்கள் ஒரு கோட்டின் மேல் நிற்கிறீர்கள். இதேபோல் வேறு திசையில் இன்னொரு ஜோடியைப் பொருத்தினால் இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்கிற இடம்தான் பழைய கேமரா நின்ற இடம். அமெரிக்காவில் மார்க் கிளெட் குழுவினர் 1977 முதல் 1979 வரை 19ஆம் நூற்றாண்டு நிலக்காட்சிப் படங்களை இப்படித்தான் மறுபடி எடுத்தார்கள். நிழலும் பொருந்த வேண்டுமென்றால் அதே மாதம், அதே நேரம் போக வேண்டும்.

அந்த இடத்தில் இன்று வேறொரு சுவரே எழும்பியிருந்தால்? பக்கத்தில் நின்று எடுத்துவிட்டு, அதைக் குறிப்பில் சொல்லுங்கள்.

மொபைல் படம் பெரிதாக அச்சிடத் தாங்குமா?

கணக்கு எளிது. 4000க்கு 3000 பிக்சல் படம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் சுமார் 13க்கு 10 அங்குலம் வரும். சுவரில் மாட்டுவதைச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதால் 200 புள்ளியே போதும், அப்போது 20க்கு 15 அங்குலம். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அனுமதி, பதிப்புரிமை விஷயமெல்லாம் எப்படி?

கட்டடத்துக்குள் நுழைய உரிமையாளர் அனுமதி, டிரோன் பறக்கவிட அந்தந்த நாட்டு விதிப்படி அனுமதி. பொதுத்தெருவிலிருந்து வெளிப்புறத்தை எடுப்பதற்கு இந்தியா, பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் பதிப்புரிமைத் தடையில்லை. பிரான்ஸில் கெடுபிடி அதிகம். ஈஃபில் கோபுரத்தின் வடிவமைப்பு என்றோ பொதுச்சொத்தாகிவிட்டது, ஆனால் அதன் இரவு விளக்கு அலங்காரம் புதிய படைப்பு என்பதால் வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி கேட்கிறார்கள்.

பலரும் தடுமாறுவது வேறிடத்தில். படத்தின் பிரதி உங்கள் கையில் இருக்கிறது என்பதால் படத்தின் உரிமை உங்களுடையது ஆகாது. இந்தியாவில் புகைப்படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. பல நாடுகளில் எடுத்தவர் மறைந்து 70 ஆண்டு வரை. படம் தருகிறவரிடம், யார் எடுத்தது, கண்காட்சியில் மட்டும் வைக்கலாமா, இணையத்திலும் போடலாமா என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்தவர் பெயரைப் படத்தின் கீழே கட்டாயம் போடுங்கள்.

பாழடைந்த கட்டடத்துக்குள் போய் எடுக்கலாமா?

தனியாகப் போகாதீர்கள். கட்டட நிலை தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லாமல் மாடி ஏறாதீர்கள். சிகாகோவில் ரிச்சர்ட் நிக்கல் என்பவர், கட்டடக் கலைஞர் லூயி சல்லிவன் வடிவமைத்த கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபடுவதைப் பார்த்து, இடிக்கும் முன் படமெடுத்தும் வேலைப்பாடுகளைக் கழற்றியெடுத்தும் காப்பாற்றிக்கொண்டிருந்தார். 1972இல் இடிபட்டுக்கொண்டிருந்த பழைய பங்குச்சந்தைக் கட்டடத்துக்குள் தனியாக இருந்தபோது தளம் இடிந்து விழுந்து இறந்தார். உடல் கிடைக்க வாரக்கணக்கானது. அவ்வளவு அனுபவமுள்ளவருக்கே அப்படி.

படக்குறிப்பில் என்ன எழுத வேண்டும்?

பாதிக் கண்காட்சி இதில்தான் இருக்கிறது. "பழைய தபால் நிலையம்" என்று மட்டும் எழுதினால் ஊர்க்காரருக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் சொல்கிறீர்கள், வெளியூர்க்காரருக்கு ஒன்றுமே சொல்லவில்லை. கட்டடத்தின் பெயர், எந்தத் தெரு, எந்தப் பக்கம் நின்று எடுத்தது, எந்த ஆண்டு, எடுத்தவர் யார், படம் யாரிடமிருந்து வந்தது, இவை அடிப்படை. இதற்கு மேல், பார்ப்பவரின் கண்ணை ஓரிடத்துக்குக் கூட்டிப்போகிற ஒரு வரி வேண்டும். இப்படி:

"தபால் நிலையம், கிழக்கு முகப்பு. இடதுகோடியில் நாலாவது வளைவு செங்கல்லால் அடைக்கப்பட்டிருப்பதைப் பாருங்கள், முன்பு அங்கே இன்னொரு வாசல் இருந்தது. கூரையின் முன்பாதியில் பழைய ஓடு, பின்பாதியில் தகரம்."

இதைப் படித்தவர் மறுபடி படத்தைப் பார்ப்பார். "கம்பீரமான", "காலத்தை வென்ற" மாதிரிச் சொற்களை விட்டுவிடுங்கள். கேள்விப்பட்டதை எழுதினால் "என்று சொல்கிறார்கள்" என்று சேருங்கள். கட்டியவர் யார் என்பதில் ஊருக்குள் இரண்டு கதை இருந்தால் இரண்டையும் எழுதலாம். எழுத்து, வயதானவர்கள் கண்ணாடியைத் தேடாமல் படிக்கிற அளவில் இருக்கட்டும், 20 பாயின்டுக்குக் குறையாமல்.

எந்த உயரத்தில், எப்படி மாட்டுவது?

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்துக்குள் இருக்கட்டும். குழந்தைகளும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் அதிகம் என்றால் கொஞ்சம் இறக்குங்கள். பளபளப்பான தாளில் அச்சிட்டால் ட்யூப்லைட்தான் தெரியும், மேட் தாள் கேளுங்கள். ஃபோம் போர்டிலோ சன்போர்டிலோ ஒட்டி மாட்டினால் கண்ணாடிச் செலவும் இல்லை.

பழைய அசல் படங்களை மாட்டாமல் இருப்பதே நல்லது, பிரதி எடுத்து வையுங்கள். அசலைத்தான் காட்ட வேண்டுமென்றால் அமிலமில்லாத அட்டை, நேர்வெயில் படாத சுவர், சுமார் 50 லக்ஸ் அளவுக்கு மங்கலான விளக்கு.

எத்தனை படங்கள் வைக்கலாம்?

சுவர் தாங்குகிறதைவிடக் குறைவாக. ஒவ்வொன்றுக்கும் நின்று குறிப்பைப் படிக்க ஆள் வேண்டும்.

பார்க்க வருபவர் "இது தப்பு" என்று சொன்னால்?

சந்தோஷப்படுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் எண் கொடுத்து, பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துவிடுங்கள். என்ன தெரியும், எப்படித் தெரியும், தொடர்புகொள்ள எண் உண்டா என மூன்று கட்டம் போதும். எழுதத் தயங்குகிற பெரியவர்கள் சொல்வதை, அவர்கள் சம்மதத்தோடு போனில் பதிவுசெய்ய ஒருவரை நிறுத்துங்கள். "அங்கேதான் எங்கப்பா வேலை பார்த்தார்" என்று ஆரம்பிக்கிற பேச்சில் எந்த ஆவணத்திலும் இல்லாத தகவல் வரும்.

கண்காட்சி வைத்தால் கட்டடம் காப்பாற்றப்படுமா?

அப்படி உறுதி சொல்ல முடியாது. நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1962இல் செர்வின் ராபின்சன் அருமையாகப் படமெடுத்தார், 1963இல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். படங்கள் அமெரிக்க வரலாற்றுக் கட்டடங்கள் ஆய்வுத் தொகுப்பில் சேர்ந்தன. 1933இல் தொடங்கிய அந்தத் தொகுப்பை இன்றும் யாரும் பார்க்கலாம். அந்த நிலையம் போன கோபத்தில்தான் 1965இல் நியூயார்க்கில் பழைய கட்டடங்களைக் காக்கும் ஆணையமும் சட்டமும் வந்தன. அடுத்த கட்டடங்களுக்கு உதவியது. இடிபட இருக்கும் கட்டடம் உங்கள் ஊரில் இருந்தால், அதன் படத்தை முதல் சுவரில் மாட்டுங்கள். முடிவெடுக்கிற அதிகாரத்தில் இருப்பவர்களைத் திறப்பு விழாவுக்கு மட்டுமல்லாமல், கூட்டமில்லாத ஒரு மதியமும் கூப்பிடுங்கள்.

கண்காட்சி முடிந்த பிறகு படங்களை என்ன செய்வது?

அசல்களை வாங்கியபோது போட்ட பட்டியலைப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரவரிடம் திருப்பித் தாருங்கள். முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டிய வேலை இது. ஸ்கேன் கோப்புகளுக்குக் கட்டடத்தின் பெயர், ஆண்டு, பக்கம் வருகிற மாதிரிப் பெயர் வையுங்கள். குறிப்புகளையும் நோட்டில் வந்த திருத்தங்களையும் தட்டச்சு செய்து அதே கோப்புறையில் போடுங்கள், படம் ஓரிடம் தகவல் ஓரிடம் என்று பிரிந்துவிடக் கூடாது. மூன்று பிரதிகள் வேண்டும், இரண்டு வெவ்வேறு சாதனங்களில், ஒன்று வேறு கட்டடத்தில். ஒரு பிரதியை ஊர் நூலகத்துக்கோ கல்லூரிக்கோ எழுத்துப்பூர்வமாக ஒப்படையுங்கள். அச்சிட்ட பலகைகளைப் பள்ளிக்கூடங்கள் கேட்டால் கொடுத்துவிடலாம், தாழ்வாரத்தில் மாட்டிக்கொள்வார்கள்.